சேர்வராயன் மலையில் வீட்டுத் தேவை மதிப்பீடு

சேர்வராயன் மலையில் வீட்டுத் தேவை மதிப்பீடு என்பது சேலம் மாவட்டம், ஏற்காடு ஊராட்சி ஒன்றியத்தில் வீடு தேவைப்படும் குடும்பங்களைக் கண்டறிந்து, அரசுத் திட்டங்களுக்குப் பயனாளிகளைத் தேர்ந்தெடுக்கும் நடைமுறை ஆகும். இம்மலையில் மலையாளி பழங்குடியினரும் காப்பித் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் வாழ்கின்றனர். வீட்டின் நிலையே முதன்மையாகக் கணக்கிடப்படுவதால், மனை உரிமை அற்றோரின் தேவை பெரும்பாலும் பதிவாவதில்லை.

கணக்கெடுக்கும் முறை

நடுவண் அரசு 2016இல் தொடங்கிய பிரதம மந்திரி ஊரக வீட்டு வசதித் திட்டம், 2011ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டது. வீடற்றோரும், சுவரும் கூரையும் உறுதியற்ற, இரண்டு அறைகளுக்கு மேற்படாத வீடுகளில் வாழ்வோரும் தேவையுடையோராகக் கொள்ளப்பட்டனர். பட்டியலைக் கிராம சபை சரிபார்க்கும். இரு சக்கர மோட்டார் வண்டி உள்ள குடும்பங்களை விலக்கும் விதி 2024இல் நீக்கப்பட்டது.

தமிழ்நாடு அரசு 2024இல் அறிவித்த கலைஞர் கனவு இல்லம் திட்டத்தின் இலக்கு, 2030ஆம் ஆண்டுக்குள் 8 இலட்சம் வீடுகள் ஆகும். வீடு ஒன்றுக்கு 3.5 இலட்சம் ரூபாய் என அறிவிக்கப்பட்டது. சொந்த மனையுள்ள குடிசைவாசிகளுக்கென இது வகுக்கப்பட்டது.

தோட்டக் குடியிருப்புகள்

சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கு காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளருக்கு வீடு அளிப்பதை உரிமையாளரின் கடமையாக்கியது. ஆயினும் 5 எக்டேருக்குக் குறைந்த சிறு தோட்டங்களுக்கு அது பொதுவாகப் பொருந்தவில்லை.

தோட்ட வீட்டின் சுவரும் கூரையும் உறுதியாக இருப்பின், அக்குடும்பம் கணக்கெடுப்பில் வீடுள்ள குடும்பமாகிவிடுகிறது. வேலை முடியும்போது வீடும் கைவிட்டுப் போகிறது. திருநெல்வேலி மாவட்டம் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் 2024இல் விருப்ப ஓய்வு அறிவிக்கப்பட்டு, பல தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்கள் குடியிருப்பைக் காலி செய்யுமாறு கோரப்பட்டது இதற்குச் சான்றாகும்.

பழங்குடியினர் நிலை

2023இல் தொடங்கிய பிரதம மந்திரி ஜன்மன் திட்டத்தின் வீடுகள், மிகவும் நலிந்த பழங்குடிகளுக்கு மட்டும் உரியவை. தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய 6 குழுக்களே அவ்வகையில் அடங்கும். மலையாளிகள் பட்டியல் பழங்குடியினர் எனினும் இதில் சேரார். காட்டு நிலத்தில் வாழ்வோர் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி உரிமை கோரலாம்.

குறைபாடும் தீர்வும்

வீட்டுப் பட்டியலைப் பேணுவது ஊரக வளர்ச்சித் துறை. மனைப்பட்டா வழங்குவது வருவாய்த் துறை. நடுவண் திட்டத்தின் நெறிமுறைப்படி, நிலமற்ற பயனாளிக்கு மனை கிடைக்கச் செய்வது மாநில அரசின் பொறுப்பு. எனினும் பட்டியலில் இடம்பெறாத குடும்பம் இதைக் கோர இயலாது. ஆகவே கணக்கெடுப்புப் படிவத்தில் வீட்டின் நிலை, வீட்டின் உரிமையாளர், மனை உரிமை ஆகிய மூன்றும் தனித்தனியே பதியப்பட்டால், ஓய்வு பெறும் தொழிலாளருக்கான மனைத் தேவையை ஊராட்சிகள் முன்கூட்டியே திட்டமிட இயலும்.