இரசிகரின் ஏடும் அறிஞரின் மௌனமும்

பதுளை மாவட்டத்துத் தோட்டமொன்றின் லயத்துச் சுவரிலே நடிகை ஒருவரின் படம் ஒட்டப்பட்டிருப்பதைக் காணும் கற்றோர் பலர் முகஞ்சுளிப்பது வழக்கம். ‘சினிமாப் பித்து’ என்ற ஒற்றைச் சொல்லோடு அவர்தம் ஆராய்ச்சி முற்றுப்பெற்றுவிடுகிறது. அப்படத்தை ஒட்டியவர் யார், அவர் அந்நடிகையைப் பற்றி யாது அறிவார், அவ்வறிவை எங்ஙனம் தேடினார் என்ற வினாக்கள் எழுவதில்லை. அவை எழாமையே மலையகப் பண்பாட்டு ஆய்வின் பெருங்குறை.

உண்மையான இரசிகர் செய்யும் பணி யாது? தாம் விரும்பும் பாடகி பாடிய பாடல்கள் எத்தனை, அவை எந்தப் படத்தில், எந்த ஆண்டில் வந்தன, இசையமைத்தவர் யார், உடன் பாடியவர் யார் என்பனவற்றை அவர் தேடித் தொகுக்கிறார். தவறு கண்டவிடத்துத் திருத்துகிறார். தம்மையொத்த பிறரோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கிறார். அன்று கொப்பியில் எழுதினர். இன்று கைத்தொலைபேசியிற் சேர்க்கின்றனர். சம்பளமும் பட்டமும் இன்றி நிகழும் இப்பணிக்கும் பல்கலைக்கழகங்கள் ‘மூலத் திரட்டு’ என்று போற்றுவதற்கும் முறையளவில் வேறுபாடு மிகச் சிறிதே.

பாடகியாகவும் நடிகையாகவும் ஒருங்கே புகழ்பெற்ற கே. பி. சுந்தராம்பாளை எடுத்துக்கொள்க. கொடுமுடியிலே பிறந்த இவர் இளமையில் இலங்கை நாடக மேடைகளிலும் பாடி நடித்தவர். 1933இல் கணவர் கிட்டப்பா மறைந்தபின் ஆடவரோடு இணைந்து நடிப்பதில்லை என உறுதிபூண்டவர், 1935இல் வெளியான ‘நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடித்தவர், 1953இல் ஔவையாராகத் தோன்றியவர், 1980இல் மறைந்தவர். இவ்வரலாறு இன்று கிடைப்பதற்குக் கல்விக்கூடங்கள் மட்டும் காரணமல்ல. இசைத்தட்டுகளை உடையாது காத்தவர்களும், பாட்டுப் புத்தகங்களையும் விளம்பரத் தாள்களையும் பெட்டியில் அடுக்கிவைத்தவர்களுமே பெரும்பாலும் அதனைக் காப்பாற்றினர். 2016இல் காலமான ‘பிலிம் நியூஸ்’ ஆனந்தன் தனியொருவராகத் திரட்டிய தகவல்களும் படங்களும் தமிழ்த் திரைப்பட வரலாற்றுக்கு இன்றியமையாதனவாகிவிட்டன. ஈழத்திலே பேராசிரியர் கா. சிவத்தம்பி தமிழ்த் திரைப்படத்தை அரசியற் தொடர்பு ஊடகமாகக் கொண்டு 1981இலேயே நூல் வெளியிட்டார். இரசனையை ஆய்வுக்குரியதெனக் கொள்ளும் துணிவு இங்கு இல்லாததொன்றன்று. அது தொடரப்படவில்லை என்பதே குறை.

இதற்கு மறுப்புரைப்போர் கூறுவது யாதெனில், இரசிகர் மன்றங்கள் தனிமனித வழிபாட்டை வளர்த்தன, உழைப்பாளியின் பணத்தையும் நேரத்தையும் உறிஞ்சின, கட்சிகளுக்குக் கூட்டம் சேர்த்துக் கொடுத்தன என்பதாம். இக்குற்றச்சாட்டில் உண்மை உண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது. ஆயினும் வழிபாடு வேறு, பதிவு வேறு. கோயிலுக்குச் செல்வோரின் மூடநம்பிக்கையைக் காட்டிக் கல்வெட்டைப் படிக்க மறுக்கும் வரலாற்றாசிரியர் உண்டா? இரசிகரின் மிகையுரையைக் களைந்து அவர் ஏட்டிலுள்ள ஆண்டையும் பெயரையும் எடுத்துக்கொள்வதே அறிவுடைமை.

கேட்கவேண்டிய வன்மையான கேள்வி வேறொன்றுண்டு. கோடம்பாக்கத்துப் பாடகியின் ஒவ்வொரு பாடலுக்கும் ஆண்டு குறித்துவைக்க ஊவாவிலே ஆளுண்டு. ஆனால் பசறையிலும் லுணுகலையிலும் மடுல்சீமையிலும் இழவு வீட்டில் ஒப்பாரி தொடுப்பவளுக்கும், கொழுந்து பறிக்கும் நிரையிலே பாட்டெடுப்பவளுக்கும் அத்தகைய ஏடு எங்கே? இப்பொறுப்பை இரசிகர்மேற் சுமத்துதல் அநீதி. இது கற்றோரின் பொறுப்பு. அவர்களோ அப்பெண்களின் பாடலைப் பெற்று, ‘நாட்டார் பாடல்’ எனத் தலைப்பிட்டு, பாடியவள் பெயரைப் பல வேளைகளில் விட்டுவிடுகின்றனர். திரைப்பாடகிக்குப் பெயர் உண்டு. தோட்டத்துப் பாடகிக்கு ‘மக்கள்’ என்ற பொதுப்பெயரே மிச்சம். இது அடக்கமன்று, அபகரிப்பு.

பெயர் தங்கினால் வரலாறு தங்கும் என்பதற்கு மீனாட்சியம்மாள் நடேசய்யர் சான்று. 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவிய கோ. நடேசய்யரின் துணைவியாரான இவர், தொழிலாளர் கூட்டங்களிலே பாடி மக்களை ஒன்றுதிரட்டினார். மக்கள் முன்பே அறிந்திருந்த மெட்டுகளிலே புதிய அரசியலை ஏற்றியமையே அவர் பாட்டின் வலிமை. மெட்டின்மீது மக்கள் கொண்ட காதலை அவர் இகழவில்லை. அதனையே வழியாகக் கொண்டார். அவர்தம் பாடல்கள் அச்சேறியமையாற்றான் இன்றும் அவர் பெயர் நின்று நிலவுகிறது.

அச்சேறாதவை என்னாயின? 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென வகுத்தது. பின்வந்த ஆண்டுகளில் பதுளையிலிருந்தும் குடும்பங்கள் புகைவண்டியேறித் தலைமன்னாருக்குச் சென்றன. தகரப் பெட்டிகளைக் கணக்கெடுக்க அதிகாரிகள் இருந்தனர். உடன்சென்ற பாட்டைக் கணக்கெடுக்க ஒருவருமில்லை. 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியபோதும், அங்கு வாழ்ந்தோரின் நினைவிலிருந்த பாடல்களும் அவர்களோடு புதைந்தன.

ஆகவே இரசிகரை இகழ்வதை விடுத்து அவர்தம் முறையைக் கைக்கொள்வதே செய்யத்தக்கது. பாடியவள் பெயர், தோட்டத்துக்கு ஆங்கிலத்தில் எழுதப்படும் பெயரோடு தொழிலாளர் வழங்கும் தமிழ்ப் பெயர், பாட்டை யாரிடம் கற்றாள், எச்சந்தர்ப்பத்தில் பாடுவாள், பதிவுசெய்த நாள் ஆகிய ஐந்தும் அவளது இசைவோடு ஒவ்வொரு பாடலுக்கும் எழுதப்படவேண்டும். காமன் கூத்திலே தப்படிப்பவனுக்கும் இதே ஏடு வேண்டும். தூரம் இனிச் சாட்டாகாது. பதுளையிலேயே 2005 முதல் பல்கலைக்கழகமொன்று இயங்குகிறது. தோட்டத்திலிருந்து கல்விகற்க வரும் மாணவர் ஒவ்வொருவரும் விடுமுறையிலே தம் பாட்டியிடம் ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டால் வேலை தொடங்கிவிடும்.

லயத்துச் சுவரிலுள்ள நடிகையின் படத்தைக் கிழிக்கவேண்டியதில்லை. அதன் பக்கத்திலே அவ்வீட்டுப் பாடகியின் படத்துக்கும் இடமுண்டு. அதன்கீழ் எழுதுவதற்கு அவள் பெயர் கற்றோரிடம் இருக்கிறதா என்பதே கேள்வி.