பட்டறைக்கா, காயலான் கடைக்கா?

ஒரு மோட்டார் வண்டிக்கு வயதாகிவிட்டால் அதை என்ன செய்வது? உடைத்துப் பழைய இரும்பு விலைக்குப் போடுவதா? அல்லது பழுது பார்த்து மறுபடியும் ஓட்டுவதா?

காரிலும் ஸ்கூட்டரிலுமே இந்தக் கேள்விக்குச் சுலபமாகப் பதில் கிடைப்பதில்லை. உள்ளே கட்டில், சமையல் மேடை, கழிப்பறை எல்லாம் அமைந்த 'கேரவன்' வண்டி என்றால் சிக்கல் இரண்டு மடங்காகிவிடுகிறது. அது பாதி வண்டி, பாதி வீடு. இரண்டுக்கும் உள்ள நோய்கள் அதற்கு உண்டு.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துக்கு இந்த விஷயத்தில் தனி அக்கறை உண்டு. பழைய யந்திரங்களுக்குப் புத்துயிர் கொடுக்கும் வேலையை நன்றாக அறிந்த வட்டாரம் இது. ஆனால் அந்த வேலையைத் தனி மனிதர் ஒருவர் தம் சொந்த வண்டியில் செய்து கொள்ள விரும்பினால், சட்டத்தில் அவருக்குத் தெளிவான வழி இருக்கிறதா?

இரண்டு வகைக் கேரவன்

கேரவன் என்றதும் நம் மக்களுக்கு நினைவு வருவது சினிமாப் படப்பிடிப்புத்தான். நட்சத்திரங்கள் ஒப்பனை செய்து கொள்ளவும் இளைப்பாறவும் பயன்படும் பெரிய வண்டி அது. பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கத்துப் படப்பிடிப்புத் தளங்களின் பக்கம் போகிறவர்கள் இவற்றைப் பார்த்திருப்பார்கள். பெரும்பாலும் பஸ் அல்லது வேன் சேஸிஸ் மீது கட்டப்பட்டவை. சொந்த எஞ்சினில் ஓடுபவை.

மேல்நாடுகளில் இன்னொரு வகை உண்டு. அதற்கு எஞ்சின் கிடையாது. காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்ல வேண்டிய பிரயாண டிரெய்லர் அது. அமெரிக்காவின் 'ஏர்ஸ்ட்ரீம்' இதில் பேர் பெற்றது. விமானம் போல் அலுமினியத் தகட்டை ரிவெட் அடித்துச் செய்த உடல் அதற்கு. 1963-64-ம் ஆண்டுகளில் ஒரு கூட்டத்தார் இந்த டிரெய்லர்களைக் கட்டி இழுத்துக் கொண்டு சிங்கப்பூரிலிருந்து லிஸ்பன் வரை பிரயாணம் செய்தார்கள். 1969-ல் சந்திரனிலிருந்து திரும்பிய மூன்று வீரர்களையும் நோய்த் தடுப்புக்காகத் தனியே வைத்திருந்தது, மாற்றி அமைக்கப்பட்ட ஓர் ஏர்ஸ்ட்ரீம் வண்டியில்தான். அரை நூற்றாண்டு கடந்த இத்தகைய டிரெய்லர்களை வாங்கிப் புதுப்பிப்பது அங்கே ஒரு தனித் தொழிலாகவே நடக்கிறது.

நம் பக்கமும் இந்த ஆசை மெல்ல வளர்கிறது. கேரளம் 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. தமிழ்நாடு 2023-ல் வெளியிட்ட சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலா இடம் பெற்றது. பூந்தமல்லிப் பக்கம் 500 கோடி ரூபாயில் நவீனத் திரைப்பட நகரம் அமையும் என்று 2024-ல் அறிவிப்பு வந்தது. கேரவனுக்குத் தேவை கூடும் என்பதற்கு இவையெல்லாம் அடையாளம்.

புதுக் கேரவன் வாங்குவது எல்லோராலும் ஆகிற காரியம் அல்ல. ஆகவே, பல ஆண்டு ஓடிய கேரவனைப் புதுப்பிக்கலாமா, பழைய வேனைக் கேரவனாக்கலாமா என்ற யோசனை பிறக்கிறது.

ஆவடி காட்டும் வழி

பழையதைப் புதுப்பிப்பது கஞ்சத்தனம் என்று சிலர் நினைக்கிறார்கள். அவர்கள் ஆவடியைப் பார்க்க வேண்டும்.

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ல் ஏற்பட்டது. 1965 இறுதியில் முதல் 'விஜயந்தா' டாங்கி அங்கிருந்து வெளிவந்தது. பின்னர் டி-72 டாங்கிகள் அங்கே உற்பத்தியாயின. அந்த டாங்கிகள் பல ஆண்டு உழைத்தபின், பிரித்துச் சோதித்து, தேய்ந்ததை மாற்றிப் புதுப்பிக்கும் வேலையும் அங்கேயே நடந்து வருகிறது. விஜயந்தா டாங்கியின் சேஸிஸ் மீது 130 மில்லிமீட்டர் பீரங்கியை ஏற்றி 'கேட்டபுல்ட்' என்ற வேறொரு வாகனத்தையே அமைத்தார்கள். டி-72-ன் உடல்மீது பாலம் போடும் கருவி பொருத்தப்பட்டது. அடிப்பாகம் பழையது, செய்யும் வேலை புதியது. கேரவன் கட்டுவதும் அடிப்படையில் இதே காரியம்தான்.

ரயில்வேயும் இதற்கு உதாரணம். பெரம்பூர் ஐ.சி.எப். தொழிற்சாலை 1955-ல் துவக்கப்பட்டது. பிரயாணிகளைச் சுமந்து வயதான ஐ.சி.எப். பெட்டிகள் பல, கார்களை ஏற்றிச் செல்லும் சரக்குப் பெட்டிகளாக மாற்றப்பட்டு மேலும் பல ஆண்டு ஓடுகின்றன. 2020-ல் கொரோனா பரவியபோது 5,000-க்கு மேற்பட்ட ரயில் பெட்டிகளைச் சில வாரங்களில் நோயாளிகளுக்கான வார்டுகளாக மாற்றினார்கள்.

1964-ல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையும் அதைச் சுற்றியுள்ள பட்டறைகளும் இந்தக் கைத்திறனை வளர்த்தவை. வெல்டிங், டிங்கரிங், கடைசல், ஒயரிங் எல்லாவற்றுக்கும் ஆள் கிடைக்கும் இடம் இது.

ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். டாங்கியையும் ரயில் பெட்டியையும் புதுப்பிக்கும்போது எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்பதற்குப் பதிவு உண்டு. வேலை முடிந்ததும் சோதனை உண்டு. சோதனையில் தேறாதது வெளியே போகாது. தெருவோரப் பட்டறையில் இவை மூன்றும் பெரும்பாலும் கிடையாது.

எங்கே பழுது ஒளிந்திருக்கிறது?

"எவ்வளவு ஆகும் அண்ணே?" என்று கேட்டால், "பிரித்துப் பார்த்தால்தான் தெரியும் சார்" என்று பட்டறைக்காரர் சொல்வது வழக்கம். கேரவன் விஷயத்தில் அந்தப் பதில் முற்றிலும் சரி.

முதல் எதிரி தண்ணீர். கூரை இணைப்பிலும் ஜன்னல் ஓரத்திலும் மழைநீர் கசிந்து சுவருக்குள் இறங்கும். பல வண்டிகளில் தரை பிளைவுட் பலகையால் ஆனது. மேலே விரிப்பு பளபளப்பாக இருக்க, அடியில் பலகை மக்கிப் போயிருக்கும். அலுமினியத் தகட்டில் இரும்புத் திருகாணி போட்டிருந்தால், ஈரம் பட்ட இடத்தில் இரண்டு உலோகங்களும் ஒன்றோடொன்று வினைபுரிந்து அலுமினியம் அரிக்கும். கசிவை நிறுத்தாமல் பெயின்ட் அடிப்பது வீண் செலவு.

இரண்டாவது, அச்சும் சக்கரமும். நீண்ட நாள் நின்ற வண்டியில் பேரிங் கிரீஸ் இறுகியிருக்கும். பிரேக் பிடித்துக் கொண்டிருக்கும். டயரில் பட்டன் தேயாமல் இருக்கலாம். ஆனால் ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 1215 என்றால் 2015-ம் ஆண்டின் பன்னிரண்டாவது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம்.

மூன்றாவது, எடை. 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைத்தால் 200 கிலோ ஏறுகிறது. ஏர்கண்டிஷன், பேட்டரி, ஜெனரேட்டர், கட்டில், அலமாரி எல்லாம் சேர்ந்தால் அச்சு தாங்க வேண்டிய அளவைத் தாண்டிவிடக்கூடும். இழுவை டிரெய்லரில் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு முன்கொக்கியின் மேல் விழ வேண்டும் என்பது அனுபவ விதி. சாமான்களைப் பின்புறம் குவித்தால், வேகத்தில் டிரெய்லர் பாம்பு போல் வளைந்து ஆடி, இழுக்கும் காரையும் கவிழ்த்துவிடும்.

நான்காவது, மின்சாரம். 120 வாட் சாதனம் 230 வோல்ட்டில் அரை ஆம்பியர்தான் இழுக்கும். அதே சாதனம் 12 வோல்ட் பேட்டரியில் 10 ஆம்பியர் இழுக்கும். வீட்டு ஒயரிங் பழக்கத்தில் மெல்லிய கம்பியைப் போட்டால் சூடேறித் தீப்பிடிக்கும்.

வடகரையில் நடந்தது

ஐந்தாவதாக ஓர் ஆபத்து உண்டு. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

2024 டிசம்பரில், கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டம் வடகரையில் சாலையோரம் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். கார்பன் மோனாக்ஸைடு வாயுவே காரணம் என்று தெரிய வந்தது. கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழக வல்லுநர்கள் அந்த வண்டியிலேயே சோதனை நடத்தினார்கள். ஜெனரேட்டரின் புகை தரையிலிருந்த துவாரம் வழியாக உள்ளே நுழைந்தது என்று முடிவாயிற்று.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். அது வெளியேறத் தரை மட்டத்தில் துவாரம் வேண்டும். ஆனால் ஜெனரேட்டரின் புகைபோக்கி அந்தத் துவாரத்தின் அருகே இருந்தால், வெளியே போக வேண்டியது உள்ளே வரும். துவாரம் வைப்பதா வேண்டாமா என்பதல்ல விஷயம். எதை எங்கே வைப்பது என்று தெரிந்தவர் வேலை செய்தாரா என்பதே விஷயம். சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும் ஒரு வாயு எச்சரிக்கைக் கருவி உயிரைக் காப்பாற்றும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பதினைந்து வருடம் ஆனால் வண்டி ஒழிந்தது என்று பலர் பயப்படுகிறார்கள். சொந்த உபயோக வண்டிக்குத் தமிழ்நாட்டில் அப்படி இல்லை. டெல்லித் தலைநகர்ப் பகுதிக்குத்தான் நீதிமன்ற உத்தரவுகளின்படி தனிக் கட்டுப்பாடு ஏற்பட்டது. இங்கே தகுதிச் சோதனையில் தேறினால் பதிவைப் புதுப்பிக்கலாம். ஆனால் கட்டணம் ஏறிவிட்டது. 2022 ஏப்ரலில் காருக்கு 600 ரூபாயாக இருந்தது 5,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டில், 20 ஆண்டு கடந்த காருக்கு 10,000 ரூபாய் என்று விதிக்கப்பட்டது.

மறு பக்கத்தில், 2021-ல் வந்த வாகன உடைப்புத் திட்டத்தின்படி, பழைய சொந்த வண்டியை உடைத்துச் சான்று பெற்றவர் புது வண்டி வாங்கும்போது சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தர மத்திய விதி இடமளிக்கிறது. உடைப்பவருக்குச் சலுகை, பழுது பார்ப்பவருக்குக் கூடுதல் கட்டணம்.

மாற்றி அமைப்பதில் கண்டிப்பு இன்னும் அதிகம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. மீறும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கேரவன் உற்பத்தி செய்கிறவர்களுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்ற தர நிர்ணயம் இருக்கிறது. ஆனால் அது மாதிரி வண்டியைச் சோதனைக்குக் கொடுத்து அங்கீகாரம் பெறக்கூடிய நிறுவனத்துக்குப் பொருந்துமே தவிர, ஒரே ஒரு பழைய வண்டியை வைத்திருப்பவருக்குப் பொருந்தாது.

50 வயது கடந்த புராதன வண்டிகளுக்கு 2021 ஜூலையில் தனிப் பதிவு முறை வந்தது. அந்த நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்துக்கள் இருக்கும். அந்த விதி இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களைத்தான் பேசுகிறது. இழுவை டிரெய்லரைப் பற்றிப் பேசவில்லை. மேலும் உடல், சேஸிஸ், எஞ்சின் ஆகியவை பெரிதும் மாறாமல் இருக்க வேண்டும். புதுப்பித்து மேம்படுத்தியவருக்கு அந்தக் கதவும் மூடிவிடுகிறது.

அதிகாரிகள் தரப்பிலும் நியாயம் உண்டு. கண்டவர்கள் சேஸிஸை வெட்டி ஒட்டினால் சாலையில் போகிற மற்றவர்களுக்கு யார் ஜவாப்தாரி? பழைய டீசல் எஞ்சின் புகையை ஊரார் ஏன் சுவாசிக்க வேண்டும்? வடகரைச் சம்பவத்துக்குப் பின் இந்தக் கேள்விகளை யாரும் ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் வழி எதுவும் இல்லாமல் தடை மட்டும் இருந்தால் என்ன நடக்கும்? வேலை நிற்காது, இரகசியமாக நடக்கும். கேட்டால் மறுப்பார்கள் என்று பயந்து, உரிமையாளர் யாரையும் கேட்காமலே செய்வார். சோதனை செய்ய வேண்டிய வண்டி சோதனைக்கே வராது. ஆபத்து அங்கேதான் ஆரம்பமாகிறது.

செய்ய வேண்டியது

பழுது பார்ப்பது வேறு; மாற்றி அமைப்பது வேறு. மக்கிய பலகையை மாற்றுவதும், தேய்ந்த பேரிங்கை மாற்றுவதும், ஒயரிங்கைப் புதுப்பிப்பதும் குற்றம் அல்ல என்பதை எல்லோருக்கும் புரியும் தமிழில் போக்குவரத்து இலாகா வெளியிட வேண்டும். அதற்கு மேற்பட்ட மாற்றத்துக்கு, வேலை தொடங்குமுன் வரைபடத்தைக் காட்டி எழுத்து மூலம் அனுமதி பெறவும், முடிந்தபின் வண்டியைச் சோதனைக்குக் கொடுக்கவும் ஒரு முறை வேண்டும். எடை மேடைச் சீட்டு, பிரேக் சோதனை, மின் இணைப்புச் சோதனை, வாயு எச்சரிக்கைக் கருவி ஆகிய நான்கும் கட்டாயமாக இருக்கட்டும். இதற்கு மத்திய விதிகளில் திருத்தம் தேவைப்படும். அதை மாநிலம் வற்புறுத்திக் கேட்கலாம்.

பட்டறைகளுக்கும் அங்கீகாரம் வேண்டும். அம்பத்தூர் அரசு ஐ.டி.ஐ. போன்ற இடங்களில் குறுகிய காலப் பயிற்சி கொடுத்து, தேறியவர்களுக்குச் சான்று அளிக்கலாம். செய்த வேலைக்கு அவர் கையெழுத்திட வேண்டும். கையெழுத்து வந்துவிட்டால் கவனமும் வந்துவிடும்.

வண்டி வாங்க நினைக்கும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. பதிவுப் புத்தகத்தில் வண்டியின் வகை என்னவென்று எழுதியிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். ஓட்டலாமா கூடாதா என்பதை அந்த ஒரு வரிதான் தீர்மானிக்கும். பெயின்டைப் பார்த்து விலை பேசாதீர்கள். தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள்.

வண்டியின் வயதைக் காலண்டர் சொல்லிவிடும். அதன் தகுதியைச் சோதனைதான் சொல்ல முடியும். தேறாத வண்டி காயலான் கடைக்குப் போகட்டும், ஆட்சேபம் இல்லை. தேறக்கூடிய வண்டிக்கும், அதைத் தேற வைக்கத் தெரிந்த தொழிலாளிக்கும் சர்க்கார் வழி விட வேண்டும்.