வழங்கி மென்பொருள் இற்றைப்படுத்தல்

வழங்கி மென்பொருள் இற்றைப்படுத்தல் என்பது நிறுவனங்களின் வழங்கிக் கணினிகளில் (சர்வர்) உள்ள நிலைபொருள், இயங்குதளம் முதலியவற்றைப் புதிய பதிப்புக்கு மாற்றும் பணியாகும். முதலில் சில கணினிகளில் நிறுவிப் பார்த்த பின்னரே மற்றவற்றில் நிறுவுவது வழக்கம். இவ்வழக்கத்தின் ஓட்டையை 2024 சூலை 19 நிகழ்வு காட்டியது.

கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பால்கன் பாதுகாப்பு மென்பொருளுக்கு அன்று இந்திய நேரம் காலை 9:39 மணிக்கு வந்த ஒரு கோப்பு, உலகெங்கும் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. சென்னையிலும் விமானங்கள் இரத்தாயின. கோப்பு 78 நிமிடங்களில் திரும்பப் பெறப்பட்டது; எனினும் முடங்கிய கணினிகள் பலவற்றில் அதனை ஒவ்வொன்றாகக் கையால் நீக்க வேண்டியிருந்தது.

பால்கனின் புதிய பதிப்பை ஒரு படி பின்தங்கி நிறுவும் வசதி வாடிக்கையாளர்களுக்கு முன்பே இருந்தது. அவ்வாறு எச்சரிக்கையாக இருந்தோரும் தப்பவில்லை. ஏனெனில் வந்தது பதிப்பு அன்று, தாக்குதல்களை அடையாளங்காணும் தரவுக் கோப்பு. அது அனைவருக்கும் ஒருசேரச் சென்றது. அக்கோப்பு 21ஆவது உள்ளீட்டைக் கேட்டது. நிரலிடம் இருந்தவை 20 மட்டுமே. நிரல் இயங்குதளத்தின் கருவில் இயங்கியதால் கணினியே நின்றது.

இதற்காக இற்றைப்படுத்தலைத் தள்ளிப்போடுவதும் தீர்வன்று. 2017 மே மாத வன்னாக்கிரை தாக்குதலில் சிக்கியோரில் பெரும்பாலோர், மார்ச்சிலேயே வெளியான திருத்தத்தை நிறுவாதவர்கள். தரவுக் கோப்புகளையும் படிப்படியாக அனுப்பும் முறையைக் கிரவுட்ஸ்ட்ரைக் பின்னர் ஏற்படுத்தியது.