பெயர் உண்டு, பணி ஏது?

2022 ஏப்ரல் 29ஆந் திகதி இரஷ்யாவின் வடபாலுள்ள பிளெசெற்ஸ்க் ஏவுதளத்திலிருந்து அங்காரா 1.2 என்னும் புதிய றொக்கெற் இராணுவச் செய்மதியொன்றைச் சுமந்து விண்ணேகியது. கொஸ்மொஸ் 2555 எனப் பெயர் பெற்ற அச்செய்மதி சில வாரங்களுள் வளிமண்டலத்தில் வீழ்ந்தழிந்தது. அது எப்பணிக்காக ஏவப்பட்டது என்பதை மொஸ்கோ உலகுக்குச் சொல்லவில்லை. 2024 செப்ரெம்பரிலும் 2025 மார்ச்சிலும் அதே தளத்திலிருந்து அதே வகை றொக்கெற்றுகள் மேலும் செய்மதிகளை ஏற்றிச் சென்றன. பெயர் மீண்டும் கொஸ்மொஸ். எண் மட்டும் வேறு. பணி யாதெனின், மௌனமே மறுமொழி!

அங்காராவை ஆக்கியோரின் திறமையை நாம் குறைகூற வரவில்லை. சோவியத் ஒன்றியம் உடைந்தபின் பைக்கனூர் ஏவுதளம் கசக்ஸ்தானின் மண்ணாயிற்று. தன் மண்ணிலிருந்தே ஏவத்தக்க றொக்கெற்றை இரஷ்யா நாடியது நியாயமே. நச்சு எரிபொருளில் இயங்கும் புரோட்டனுக்கு மாற்றாக, மண்ணெண்ணெயும் திரவ ஒட்சிசனும் கொண்டு 2014இல் அங்காரா பறந்ததும் பாராட்டுக்குரியதே. எமது வழக்கு வண்டியைப் பற்றியதன்று. அதில் மூடி ஏற்றப்படும் சுமையைப் பற்றியது.

சட்டம் என்ன சொல்கிறது? 1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம், விண்வெளியின் பயன் எல்லா நாடுகளுக்கும் உரியது என்கிறது. அணுவாயுதத்தைச் சுற்றுப்பாதையில் வைத்தலாகாது என்கிறது. இராணுவச் செய்மதிகளை அது தடுக்கவில்லை, ஒப்புகின்றோம். ஆயினும், 1976இல் நடைமுறைக்கு வந்த பதிவு உடன்படிக்கையின் 4ஆம் உறுப்புரை, ஏவிய பொருளின் பொதுவான பணியை ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்துக்கு அறிவிக்கக் கட்டளையிடுகிறது. இரஷ்யா எழுதிக் கொடுப்பது யாது? “பாதுகாப்பு அமைச்சின் பணிகளுக்கானது” என்பதே! பணியைக் கேட்டால் உடையவன் பெயரைச் சொல்வது விடையாகுமா? எல்லை குறியாமல் “இது இன்னாருடைய காணி” என்று மட்டும் உறுதி முடித்துத் தரும் நொத்தாரிசை நம் விவசாயி படியேற விடுவானா?

அமெரிக்காவும் இவ்வாறே மழுப்புகிறது என்பர். உண்மையே. ஒருவன் களவு மற்றவன் களவுக்கு நியாயமாகாது.

இது வெறும் ஏட்டு வழக்கும் அன்று. 2021 நவம்பர் 15இல் இரஷ்யா தன் பழைய செய்மதியாகிய கொஸ்மொஸ் 1408ஐ ஏவுகணையால் தகர்த்தது. கண்காணிக்கத்தக்க சிதறல்கள் மட்டும் 1500க்கு மேற்பட்டன. சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்தோர், இரஷ்யர் உட்பட, தம் கலங்களுள் ஒதுங்க நேர்ந்தது. சிதறலுக்குச் சொந்த நாடு தெரியாது. நாம் நம்பியிருக்கும் வானிலைச் செய்மதியையும் அது விட்டுவைக்காது.

2024 ஏப்ரல் 24இல், விண்ணில் அணுவாயுதத் தடையை வலியுறுத்தி அமெரிக்காவும் ஜப்பானும் பாதுகாப்புச் சபையில் கொணர்ந்த தீர்மானத்தை 13 நாடுகள் ஆதரித்தன. சீனா வாக்களிக்காது ஒதுங்கியது. இரஷ்யா இரத்துரிமையால் வீழ்த்தியது. எல்லா ஆயுதங்களையும் தடுக்க வேண்டும் என்பது மொஸ்கோவின் வாதம். நன்று! எல்லாவற்றையும் தடுக்க விரும்புவோர், தாம் ஏவியது எதுவென முதலில் சொல்லட்டும்.

விண்வெளி ஆயுதப் போட்டியைத் தடுக்கும் தீர்மானத்தைப் பொதுச்சபையில் ஆண்டாண்டாக முன்னின்று கொணர்ந்த நாடுகள் எகிப்தும் இலங்கையுமே. ஆகவே இவ்வழக்கு நம் வாசலுக்கு அப்பாற்பட்டதன்று. பணி குறிக்கப்படாத பதிவு பதிவாகாது என உடன்படிக்கை திருத்தப்படல் வேண்டும். அதனை இலங்கையின் பிரதிநிதிகள் அச்சபையில் எழுந்து கேட்டல் வேண்டும். வல்லரசுகள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கட்டும். உண்ண மறுப்பது நம் உரிமை!