மாத்திரையைப் பாதியில் நிறுத்தலாமா?

தாராவியில் ஒரு பெரியவர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். முப்பது வருடமாகத் தோல் பட்டறையில் வேலை. ஐந்து வருடங்களுக்கு முன் அவருக்குச் சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொல்லி, மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டார். மறுபடி ரத்தம் சோதித்தபோது அளவு சரியாக இருந்தது. "வியாதி போய்விட்டது" என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, வேலைக்கும் தடை இல்லை.

கோடையில் கோயில் கொடைக்கு ஊருக்குப் போனார். வெயிலில் வெறுங்காலுடன் நடந்தார். உள்ளங்காலில் கொப்புளம் கண்டது அவருக்கே தெரியவில்லை. உணர்ச்சி அதற்கு முன்பே மரத்துப் போயிருந்தது. மும்பைக்குத் திரும்பி மருத்துவமனைக்குப் போனபோது இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. இன்று அவரால் பட்டறையில் நின்று வேலை பார்க்க முடியவில்லை.

இது ஒரு வீட்டுக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளியாயின. நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோருக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாகவும், மேலும் 13 கோடிக்கும் அதிகமானோர் அதன் வாசலில் நிற்பதாகவும் அந்த ஆய்வு கூறியது. இத்தனை பேருக்கும் ஆபத்து வியாதியால் மட்டும் வருவதில்லை. வைத்தியத்தைப் பாதியில் விடுவதாலும் வருகிறது.

அடங்கியதா, தீர்ந்ததா?

மின்விசிறி சுற்றும்போது வியர்வை அடங்குகிறது. வியர்வை இல்லையே என்று விசிறியை நிறுத்தினால் என்ன ஆகும்? மாத்திரையின் கதையும் அதுதான். அளவு சரியாக இருப்பது மாத்திரை வேலை செய்வதற்கு அடையாளம். அதை நிறுத்தச் சொல்லும் உத்தரவு ஆகாது. எடை குறைந்து, உணவும் உழைப்பும் சீரானால் டாக்டரே மருந்தைக் குறைப்பது உண்டு. அதைப் பரிசோதனை பார்த்து அவர் செய்ய வேண்டும். பக்கத்து அறைக்காரர் யோசனை கேட்டு நாமே செய்துகொள்ளக் கூடாது.

இந்த வியாதி சத்தம் போடாது. கண்ணின் பின்திரை, சிறுநீரகம், கால் நரம்பு, இருதயம் என்று உள்ளே அரித்துக்கொண்டே போகும். காச நோய் வரும் ஆபத்தையும் இரண்டு மூன்று மடங்கு கூட்டிவிடும். பத்துப் பேர் ஒரே அறையில் தங்கும் தொழிலாளிகளுக்கு இது சின்ன விஷயமா?

தினக் கணக்கும் தணிக்கையும்

ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது எளிதில் புரியும். வெறும் வயிற்றில் எடுக்கும் ரத்தப் பரிசோதனை அன்றைய ரொக்கக் கணக்கைப் போன்றது. அதில் 126-ம் அதற்கு மேலும் இருந்தாலும், குளுகோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200-ம் அதற்கு மேலும் இருந்தாலும் சர்க்கரை வியாதி என்று கொள்வார்கள். பெரும்பாலும் மறுமுறையும் சோதித்து உறுதி செய்வார்கள். சோதனைக்கு முதல் நாள் பட்டினி கிடந்து நல்ல கணக்குக் காட்டும் சாமர்த்தியசாலிகளும் இருக்கிறார்கள்.

அவர்களை மாட்டி வைக்கும் தணிக்கை அதிகாரி ஒருவர் உண்டு. அதுதான் 'ஹெச்பிஏ1சி' என்ற பரிசோதனை. கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியை அது காட்டிவிடும். 6.5 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் வியாதி. வைத்தியம் செய்துகொள்கிறவர்களில் பெரும்பாலோருக்கு 7-க்குள் இருப்பது நல்லது. வயதானவர்களுக்கு டாக்டர் சற்றுத் தளர்த்துவார். இதைத் தவிர வருடத்துக்கு ஒரு முறை கண், சிறுநீர், பாதம் மூன்றையும் காட்ட வேண்டும். பாதத்தைத் தினமும் இரவில் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்குக் காசு வேண்டாம். ஒரு கண்ணாடித் துண்டு போதும்.

முன்பா, பின்பா?

வெளி மாநிலத்தில் இருப்பவர்களுக்கு மொழியும் ஒரு தொல்லை. "கானே கே பெஹ்லே" என்றால் சாப்பாட்டுக்கு முன். "கானே கே பாத்" என்றால் சாப்பாட்டுக்குப் பின். இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டு தலையாட்டிவிட்டு வருகிறவர்கள் பலர். மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்டபின் எடுத்தால் வயிற்றுக் கோளாறு குறையும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுவிட்டு, லோக்கல் ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் சாப்பிடாமல் ஓடினால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், கண் இருட்டும். ரயில் வாசலில் தொங்குகிறவருக்கு இப்படி ஆனால் உயிருக்கே ஆபத்து.

அப்போது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் அதே அளவு குடித்து, பிறகு ஏதாவது சாப்பிட வேண்டும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். கூட வேலை செய்கிறவர் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்கட்டும். முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடுமோ என்று மறைக்கிறவர்கள், மயங்கி விழுந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

சாதமா, சப்பாத்தியா?

சாதத்தை விட்டுச் சப்பாத்திக்கு மாறினால் போதும் என்பது பலரின் நம்பிக்கை. எட்டுச் சப்பாத்தி தின்றால் அதிலும் மாவுச்சத்து ஏறத்தான் செய்யும். முக்கியமானது அளவு. தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்போ மீனோ முட்டையோ, மீதிக் கால் பங்கு சாதமோ சப்பாத்தியோ இருந்தால் சரி. கேழ்வரகு நல்லதுதான். ஆனால் கூழாகக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும். பட்டறையிலும் ஆபீஸிலும் நாள் முழுதும் வரும் 'கட்டிங் சாய்' ஆறு தடவை என்றால், அதில் கரைந்த சர்க்கரையை யார் எண்ணுகிறார்கள்? பாகற்காய்ச் சாறு குடிக்கிறோம் என்று மாத்திரையை விடுவதும் தவறு.

ஊர்ப் பயணத்தில்

மாத்திரை அறுந்து போவது பெரும்பாலும் ஊருக்குப் போகும்போதுதான். ஒன்றரை நாள் ரயில் பயணத்தில் மருந்து பெட்டிக்குள், பெட்டி இருக்கைக்கு அடியில். போய்ச் சேர்ந்தால் கல்யாணமும் கொடையும். பதினைந்து நாள் ஓடிவிடும். மருந்தும் சீட்டும் கைப்பையில் இருக்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் அதை வெயிலில் காட்டக் கூடாது, உறையவும் விடக் கூடாது. திறக்காத குப்பிக்கு 2 முதல் 8 டிகிரி குளிர் வேண்டும். குளிர்பெட்டி இல்லாத தகர வீட்டில், மூடிய டப்பாவுக்குள் குப்பியை வைத்து, நனையாதபடி மண்பானைக்குள் வைத்தால் வெப்பம் தணியும்.

சங்கங்கள் செய்வார்களா?

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கி, வீட்டு வாசலுக்கே சர்க்கரை மாத்திரை கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். பிழைக்க வந்தவர்களுக்கு அந்த வாசல் இங்கே இல்லை. ஆனாலும் வழி இல்லாமல் இல்லை. மாநகராட்சி மருத்துவமனைகளும் மருந்தகங்களும் இருக்கின்றன. வேலைக்குப் போகிறவர்கள் மாலையிலும் காட்டிக்கொள்ள வசதியாக மும்பையில் 2022-ல் 'ஆப்லா தவாகானா' தொடங்கப்பட்டது. ஜன் அவுஷதி கடைகளில் மலிவு விலை மாத்திரை கிடைக்கிறது.

தமிழ் அமைப்புகள் வருடத்துக்கு ஒரு நாள் இலவச முகாம் நடத்துகின்றன. ரத்தம் எடுத்து, சீட்டைக் கையில் கொடுத்து, போட்டோவும் எடுத்துக்கொண்டு போய்விடுகின்றன. வியாதி இருப்பதாகத் தெரிந்தவர் பிறகு என்ன ஆனார் என்று கேட்பவர் இல்லை. அதே பணத்தில் அதே ஐம்பது பேரை மூன்று மாதத்துக்கு ஒரு முறை அழைத்துச் சோதிக்கலாம். ஆளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்துத் தமிழில் எழுதி வைக்கலாம். மொழி தெரியாதவரோடு டாக்டரிடம் போக நாலு இளைஞர்களை நியமிக்கலாம். மேடைக்கும் மாலைக்கும் ஆகும் செலவைவிட இது அதிகமாகாது.

மாதாமாதம் தவறாமல் ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்கள் தமிழர்கள். அந்தப் பணத்தைச் சம்பாதிக்கும் உடம்புக்கும் அதே ஒழுங்கு வேண்டாமா? பெரியவரின் விரல்கள் திரும்பி வரப் போவதில்லை. அடுத்தவரின் விரல்களையாவது காப்பாற்றலாம்.