வழக்கும் வழிமுறையும்

சட்டக் கல்லூரியில் அடியெடுத்து வைக்கும் மாணவர் பலருக்கு அரசமைப்புச் சட்டம் இனிக்கின்றது. குற்றவியல் சட்டம் ஆர்வமூட்டுகின்றது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் மட்டும் கசக்கின்றது. பிரிவுகள், கட்டளைகள், விதிகள், கால வரம்புகள் என்று அடுக்கடுக்காக வரும் அப்பாடத்தில் உள்ளத்தைத் தொடுவதற்கு ஏதுமில்லை என்று அவர்கள் கருதுகின்றனர். தேர்வுக்கு முதல்நாள் எண்களை நெட்டுருச் செய்து, தேர்வு முடிந்த மறுநாள் மறந்துவிடுகின்றனர். கட்டாயப் பாடம் என்பதால் படிக்கின்றனரேயன்றி, கற்க வேண்டும் என்னும் வேட்கையால் படிப்பவர் சிலரே.

இந்நிலை மாற வேண்டும் என்பதே நம் கருத்து. ஏழையின் உரிமை வாழ்வதும் மாய்வதும் பெரும்பாலும் இந்தச் சட்டத்தின் ஏடுகளில்தான். இதனைக் கல்லாத வழக்கறிஞர், மருந்தின் பெயரை மட்டும் அறிந்து அளவை அறியாத மருத்துவருக்கு ஒப்பாவார்.

நம் சமுதாயத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். பெற்றோர் விட்டுச்சென்ற சொத்தில் ஆணுக்கும் பங்குண்டு, பெண்ணுக்கும் பங்குண்டு. அது சிறிதாயினும் பெரிதாயினும் வரையறுக்கப்பட்ட பங்கு என்று திருமறையின் அந்நிஸா அத்தியாயம் விளம்புகின்றது. மகனுக்கு இரு பங்கு என்றால் மகளுக்கு ஒரு பங்கு என்னும் கணக்கை மதரஸாவில் ஓதும் சிறுவனும் அறிவான். ஆயினும் எத்தனை ஊர்களில் சகோதரியின் பங்கு சகோதரன் கையிலேயே தங்கிவிடுகின்றது! சீர்வரிசை செய்தாயிற்று என்பர். குடும்ப ஒற்றுமை கெடும் என்பர். அவளும் வாய்மூடி இருந்துவிடுவாள். என்றேனும் ஒருநாள் அவள் துணிந்து நீதிமன்றப் படியேறினால், அவளுக்குத் துணைநிற்க வேண்டியது வாரிசுரிமைச் சட்டம் மட்டுமன்று. நடைமுறைச் சட்டமும் ஆகும்.

பாகப்பிரிவினை வழக்கில் பங்குதாரர் அனைவரையும் தரப்பினராகச் சேர்த்தல் வேண்டும். ஒருவர் விடுபட்டாலும் வழக்கு இடறும். விசாரணை முடிந்ததும் நீதிமன்றம் முதலில் வழங்குவது முதனிலைத் தீர்ப்பாணை. இன்னாருக்கு இத்தனை பங்கு என்று அது அறிவிக்குமேயன்றி, நிலத்தை அளந்து கையில் கொடுத்துவிடாது. அதன்பின் ஆணையர் சென்று அளந்து அறிக்கை தந்து, இறுதித் தீர்ப்பாணை பிறந்து, அது நிறைவேற்றப்பட்ட பின்னரே பங்கு கைக்கு வரும். முதனிலைத் தீர்ப்பாணையோடு வழக்கு முடிந்துவிட்டதாக எண்ணி வீடு திரும்பியவர்கள் உண்டு. இறுதித் தீர்ப்பாணைக்குரிய நடவடிக்கையை விசாரணை நீதிமன்றமே தாமாக முன்வந்து தொடர வேண்டும் என்று 2022 இல் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியது. இதனை அறிந்த வழக்கறிஞர் ஒருவர் அருகில் இருந்தால் அச்சகோதரியின் வழக்கு ஆண்டுக்கணக்கில் தூங்காது.

சட்டத்தின் வரலாறு

நாடெங்கும் ஒரே முறையில் வழக்கு நடத்த முயன்ற முதல் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1859 இல் இயற்றப்பட்டது. 1877 இலும் 1882 இலும் அது புதுப்பிக்கப்பட்டது. இன்று நாம் கைக்கொள்வது 1908 ஆம் ஆண்டின் 5 ஆவது சட்டம். 1909 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அடிப்படை நெறிகளை 158 பிரிவுகளும், அன்றாட நடைமுறையை 51 கட்டளைகளும் எடுத்துரைக்கும் வண்ணம் அது அமைக்கப்பட்டது. 1976, 1999, 2002 ஆகிய ஆண்டுகளில் பெருந்திருத்தங்கள் கண்டது. 2024 சூலை முதல் நாளில் குற்றவியல் துறையின் பழைய சட்டங்கள் விடைபெற்றுப் புதியவை வந்தன. உரிமையியல் நடைமுறைச் சட்டமோ நூற்றாண்டைக் கடந்தும் நின்று நிலவுகின்றது.

நம் மரபில் நடைமுறை

நடைமுறை என்பது ஆங்கிலேயர் கொணர்ந்த அந்நியச் சரக்கு என்று எண்ணுதல் பிழை. ஹஸ்ரத் அலீ (ரலி) அவர்களை யமன் நாட்டுக்கு நீதிபதியாக அனுப்பியபோது, இருவர் வழக்கில் ஒருவர் சொல்லை மட்டும் கேட்டுத் தீர்ப்பளிக்கலாகாது, மற்றவர் சொல்லையும் கேட்டல் வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். அழைப்பாணை அனுப்பிப் பிரதிவாதியின் எதிருரையைப் பெறும் முறைக்கு இதனினும் சிறந்த விளக்கம் வேண்டுமோ?

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களுக்கு எழுதியதாக வரலாற்று நூல்கள் காட்டும் மடல் இன்னும் விரிவானது. இரு தரப்பாரையும் சமமாக நடத்துக. உரிமை கோருபவர் சான்று தருக, மறுப்பவர் சத்தியம் செய்க. சான்று தொலைவில் இருப்பின் அவகாசம் அளிக்க. மார்க்கம் விலக்கியதை ஆகுமாக்காத சமரசத்தை ஏற்க. தீர்ப்பில் தவறு தென்படின் உண்மைக்குத் திரும்பத் தயங்கற்க என்பன அம்மடலின் சாரம். அவகாசம் பற்றி 17 ஆம் கட்டளையும், சமரசம் பற்றி 23 ஆம் கட்டளையும், மறுஆய்வு பற்றி 47 ஆம் கட்டளையும் கூறுவனவற்றை அம்மடலோடு ஒப்பிட்டுக் கற்கும் மாணவனுக்கு இப்பாடம் எங்ஙனம் கசக்கும்?

தமிழ் இலக்கியமும் இதனையே உரைக்கின்றது. கோவலனை அழைத்து ஒரு சொல் கேளாமல், பொற்கொல்லன் சொல்லை நம்பி ஆணையிட்டான் பாண்டியன். கண்ணகியின் சிலம்பில் இருந்தவை மாணிக்கப் பரல்கள். அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துகள். உடைத்துப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் விளங்கியிருக்கும் உண்மை, உயிர் போனபின் விளங்கியது. பாண்டியன் கொடியவன் அல்லன்; கேட்க வேண்டிய முறையில் கேளாதவன். முறை பிறழ்ந்ததால் மதுரை எரிந்தது.

சொற்கள் சொல்லும் செய்தி

நீதிமன்றத்தில் நாம் அன்றாடம் கேட்கும் சொற்கள் பல அரபு மூலமுடையவை. வக்காலத்து, தாவா, வாய்தா, அமீனா, முன்சீப், அசல், நகல், ரத்து, ஜப்தி, பைசல் ஆகியன பாரசீக, உருது மொழிகளின் வழியே வந்து தமிழர் நாவில் நிலைத்துவிட்டன. முன்சீப் என்றால் நீதி செய்பவர். அமீன் என்றால் நம்பிக்கைக்குரியவர். வாய்தாவின் மூலமான வஅதா என்பதற்கு வாக்குறுதி என்பது பொருள். கொடுத்த வாக்கைக் காப்பதற்காகக் குறித்த நாளே வாய்தா. இன்றோ வாக்கைத் தள்ளிப்போடும் நாளாக அச்சொல் பொருள் திரிந்து கிடக்கின்றது. சொல்லின் பழைய பொருளை மீட்டுத் தருவது இன்றைய சட்ட மாணவரின் கடமையாகும்.

அறியாமையின் விலை

நம் மக்கள் பலர் வழக்கில் தோற்பது நியாயம் இல்லாமையால் அன்று; நடைமுறை அறியாமையால். அழைப்பாணை வந்தால் வாங்க மறுத்துவிட்டால் போதும், வழக்கு நின்றுவிடும் என்று நம்புவோர் உளர். வாங்க மறுத்தால் வீட்டு வாயிலில் ஒட்டிச் செல்வர். அதன்பின் வராதவர் இல்லாமலே ஒருதரப்புத் தீர்ப்பாணை பிறக்கும். அதனை நீக்கக் கோருவதற்குப் பொதுவாக 30 நாள்களே உண்டு. காலங்கடந்தால் காலதாமதத்திற்குத் தக்க காரணம் காட்டி மன்றாட வேண்டும். எதிருரை தாக்கல் செய்வதற்கும் 30 நாள். காரணம் காட்டினால் 90 நாள் வரை நீளும். இந்த எண்களை நெட்டுருச் செய்யும் மாணவர், ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் ஒரு வீடு இருக்கின்றது என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

இச்சட்டத்தில் இரக்கமும் உண்டு. கடனுக்காக ஜப்தி செய்யும்போது உடுத்தும் உடை, சமையற் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவி ஆகியவற்றைத் தொடலாகாது என்று 60 ஆம் பிரிவு காக்கின்றது. சூரியன் மறைந்தபின் விடியும் முன் வீட்டினுள் நுழையலாகாது என்றும், வெளியே வாரா வழக்கமுடைய பெண்டிர் இருக்கும் அறையாயின் அவர்கள் விலகிச் செல்ல முன்னறிவிப்பும் அவகாசமும் தருதல் வேண்டும் என்றும் 62 ஆம் பிரிவு விதிக்கின்றது. பணக்கடன் தீர்ப்பாணைக்காகப் பெண்ணைக் கைது செய்தலை 56 ஆம் பிரிவு தடுக்கின்றது. நீதிமன்றக் கட்டணம் செலுத்த இயலாத வறியவரும் வழக்குத் தொடரலாம் என்று 33 ஆம் கட்டளை வாயில் திறக்கின்றது. இத்தனையும் ஏட்டில் இருந்தும், எடுத்துச் சொல்வாரின்றி நம் எளியோர் அஞ்சி நடுங்குகின்றனர்.

ஒரு மறுப்புக்கு விடை

வழக்குகள் தலைமுறை கடந்து நீள்வதற்கு இந்த நடைமுறையே காரணமன்றோ என்று சமுதாயப் பெரியவர்கள் வினவலாம். அவ்வினாவில் நியாயம் உண்டு. தீர்ப்பாணை பெற்ற பின்னரே இந்திய வழக்காடியின் துன்பம் தொடங்குகின்றது என்னும் கருத்தை இலண்டன் பிரிவி கவுன்சில் 1872 இலேயே வெளியிட்டது. நிறைவேற்றத்தைப் பற்றிய 21 ஆம் கட்டளையில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட விதிகள் உள்ளன. நிறைவேற்று மனுக்களை ஆறு திங்களுக்குள் முடித்தல் வேண்டும் என்று 2021 இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது.

ஆயினும் பழுது வழியில் அன்று; வழியை மறித்து நிற்போரிடம் உள்ளது. ஒரு தரப்பாருக்கு மூன்று முறைக்கு மேல் ஒத்திவைப்பு வழங்கலாகாது என்பது விதி. அதனை நினைவூட்டிக் கேட்பவர் சிலரே. நடைமுறை என்பது நீதியை எளிதாக்க வந்ததேயன்றி மக்களை இடறச் செய்ய வந்ததன்று என்னும் பொருள்பட நீதியரசர் விவியன் போஸ் 1955 இல் எழுதியது, மாணவர் தம் நெஞ்சில் பொறித்துக்கொள்ளத் தக்கது. விதியை நன்கறிந்த நேர்மையாளர் பெருகினால், விதியை அறிந்து வஞ்சிப்போர் சுருங்குவர்.

செய்யத் தக்கன

மாணவர்களுக்கு நாம் சொல்ல விழைவது இதுவே: சட்டத்தைப் பிரிவு எண்ணாகப் படியாதீர், ஒரு வழக்காகப் படியுங்கள். வழக்குரை முதல் நிறைவேற்றம் வரை ஒரே வழக்கின் கட்டினை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தாளும் எந்த விதியின்கீழ் பிறந்தது என்று தேடுங்கள். படிப்பின் பகுதியாக ஓர் உரிமையியல் விசாரணையை நேரில் காண வேண்டும் என்பது விதி. குறிப்பேட்டில் கையொப்பம் பெறுவதற்காக மட்டும் செல்லாமல், சாட்சிக் கூண்டில் நிற்பவரின் முகத்தைப் பாருங்கள்.

தமிழ்த்துறைக்கும் இதில் பங்குண்டு. மாயூரத்தில் முன்சீபாக விளங்கிய வேதநாயகம் பிள்ளை, ஆங்கிலத்தில் இருந்த உயர் வழக்குமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கிச் ‘சித்தாந்த சங்கிரகம்’ என 1862 இல் வெளியிட்டார். சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக வீற்றிருந்த மு.மு. இஸ்மாயீல் அவர்கள் கம்பனில் தோய்ந்த தமிழறிஞர். சட்டமும் தமிழும் ஒருவர் நெஞ்சில் ஒருங்கே வாழும் என்பதற்கு இவ்விருவரும் சான்று. எழுவினா, எதிருரை, தீர்ப்பாணை போன்ற சொற்களை மக்கள் புரிந்துகொள்ளும் வண்ணம் சிறு கையேடுகளாக்கித் தருவது தமிழ் மாணவர்க்குத் தக்க பணி.

ஜமாஅத் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மகன் மருத்துவனாக, பொறியாளனாக வேண்டும் என்று விழைவது போலவே, மகனோ மகளோ சட்டம் பயில வேண்டும் என்றும் விழையுங்கள். 1995 ஆம் ஆண்டின் வக்ஃப் சட்டத்தின்கீழ் அமைந்த தீர்ப்பாயமும் உரிமையியல் நீதிமன்றமாகவே கருதப்பட்டு, அதன் அதிகாரங்களையே கொண்டுள்ளது. ஆகவே, பள்ளிவாசல் சொத்தைக் காப்பதற்கும் இக்கல்வியே கருவி. பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு என்னும் செய்தியை ஜுமுஆ நாளில் ஒருமுறை அறிவித்தாலும் பலருக்கு வழி திறக்கும். அனைத்துக்கும் முன்பாக, சகோதரியின் பங்கை அவள் நீதிமன்றம் நாடும் முன்னரே கொடுத்துவிடும் நற்பண்பை நம் இல்லங்களில் வளர்ப்போம். அங்ஙனம் கொடாதவர் இருக்கும் வரை, அவளுக்காக எழுந்து நின்று, விதியைச் சுட்டிக்காட்டி, வாய்தாவை வாக்குறுதியாக்கும் வழக்கறிஞர்கள் நம் மாணவரிடையே தோன்றுவாராக.