வளைவு போன வில்

பழைய ராணுவ லாரி ஒன்றைப் புதுப்பித்துவிட்டதாக ஒருவர் சொன்னால், அதன் பச்சைச் சாயத்தையோ முகப்பு விளக்குகளையோ பார்த்துப் பயனில்லை. குனிந்து, அச்சின்மேல் கிடக்கும் கமான் பட்டைகளைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அங்கே காணக் கிடைப்பது இதுதான்: வளைவு இழந்து தட்டையாகிப்போன பட்டைகள், இடுக்குகளில் துரு, துருவின் மேல் புதுச் சாயம். இதற்குப் புதுப்பித்தல் என்று பெயரிட்டிருக்கிறோம். அந்தப் பெயருக்கு இது தகுதியற்றது என்பதே என் வாதம்.

சக்திமானை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியின் எம்.ஏ.என். நிறுவன உரிமத்தோடு 1959இல் ஜபல்பூரில் தயாரிக்கத் தொடங்கிய லாரி அது. 1965, 1971 போர்களில் ஆட்களையும் தளவாடங்களையும் சுமந்தது. 1990களில் அதன் உற்பத்தி நின்றது. இன்று அதைத் தேடிப் பிடித்துச் சீர்செய்வோர் உண்டு. அவர்களது ஆர்வத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த லாரியைச் சுமைவண்டியாக்கியதில் அதன் எஞ்சினுக்கு உள்ள பங்கு கமானுக்கும் உண்டு. இதை அவர்களில் பலர் பொருட்படுத்துவதில்லை.

கமான் என்பது நீளம் படிப்படியாகக் குறையும் எஃகுப் பட்டைகளின் அடுக்கு. எல்லாவற்றிலும் நீளமான மெயின் பட்டையின் இரு முனைகளும் சுருட்டப்பட்டுக் கண்ணாக இருக்கும். நடுவே ஒரு சென்டர் போல்ட் அடுக்கைக் கோத்து நிற்கும். யூ போல்ட்டுகள் அதை அச்சோடு இறுக்கும். சுமை ஏறும்போது வில் நிமிர்ந்து நீளும். அந்த நீட்சிக்கு இடம் கொடுப்பது ஒரு முனையில் தொங்கும் ஷாக்கில். பட்டையோடு பட்டை உரசும் உராய்வே குலுக்கலின் ஒரு பகுதியைத் தின்றுவிடுகிறது. ஆகவே இடுக்கில் துரு பிடித்து அடுக்கு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அது வில்லாக இருப்பதை நிறுத்திவிடும். துருக்குழியிலிருந்துதான் விரிசலும் தொடங்கும்.

இதைச் சரிசெய்வதற்கு ஒரு முறை இருக்கிறது. அடுக்கை இறுகப் பிடித்துக்கொண்டு போல்ட்டைக் கழற்ற வேண்டும்; இல்லாவிட்டால் அடைபட்ட விசை ஆளைத் தாக்கும். ஒவ்வொரு பட்டையையும் துருநீக்கி விரிசல் பார்க்க வேண்டும். விரிந்த பட்டையை மாற்றியே ஆக வேண்டும். வில் எஃகில் வெல்டிங் நிற்காது. வளைவு போனதை மீண்டும் வளைக்க, உலையில் சீராகக் காய்ச்சி, வளைத்து, எண்ணெயில் தோய்ச்சல் கொடுத்து, மறுபடி மிதமான சூட்டில் பதப்படுத்த வேண்டும். தோய்ச்சல் மட்டும் கொடுத்தால் பட்டை கண்ணாடிபோல் உடையும். கேஸ் நெருப்பில் ஓரிடத்தைச் சிவக்கவைத்து வளைத்து அப்படியே ஆறவிட்டால், பார்வைக்கு அழகான வளைவு கிடைக்கும். முதல் சுமையிலேயே அது தொய்ந்துபோகும். வண்டி வெறுமனே நிற்கும்போது இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. சாயம் பூசுவோருக்கு இது எவ்வளவு வசதி!

காட்சிக்கு நிற்கப்போகும் வண்டிக்கு இத்தனை பாடு எதற்கு என்று கேட்கப்படலாம். அவர்களைத் திருவாரூருக்கு அழைக்கிறேன். 1948க்குப் பின் ஓடாது நின்ற ஆழித்தேர் 1970இல் மீண்டும் வீதியில் இறங்கியது. பின்னர் திருச்சி பெல் நிறுவனம் அதற்கு இரும்புச் சக்கரங்களும் அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. மரம் இருந்த இடத்தில் இரும்பு வந்ததைக் குறை சொல்வோர் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். தேர் ஓட வேண்டும் என்பதே அங்கே அடிப்படை; சீர்திருத்தம் அனைத்தும் அதற்குக் கீழ்ப்பட்டது. தேரைச் சிமெண்ட் மேடையில் ஏற்றிச் சாயம் பூசிவிடலாம் என்று டெல்டாவில் யாரும் சொல்லத் துணியமாட்டார்கள். சாமியின் வண்டிக்கு இருக்கும் நியாயம் சிப்பாயின் வண்டிக்கு ஏன் இல்லை?

இலக்கியம் பேசும் இடத்தில் லாரிப் பட்டறைக்கு என்ன வேலை என்று முகம் சுளிக்கும் நண்பர்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. நம்மவர்கள் இந்தப் பொருளை 'இலை வில்' என்று மொழிபெயர்க்கிறார்கள். ஆங்கிலச் சொல்லிலுள்ள 'லீஃப்' மரத்து இலையைச் சுட்டவில்லை. புத்தகத்தின் தாளைச் சொல்வதுபோல மெல்லிய தகட்டைச் சுட்டுகிறது. சரஸ்வதி மகாலில் சுவடி பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும்: அடுக்கிய ஏடுகள், அவற்றை ஊடுருவிக் கோக்கும் கயிறு. பட்டறைக்காரருக்கோ இந்தக் குழப்பமே இல்லை. அவர் 'கமான்' என்கிறார். பாரசீகத்தில் அதற்கு வில் என்றே பொருள். அவருக்கும் முன்பே நம் முன்னோர் 'வில்வண்டி' என்று சொல்லிவிட்டார்கள். தஞ்சைக் கதைகளில் மிராசுதார் ஏறிவரும் அதே வில்வண்டிதான். அது ஏன் வில்வண்டி ஆயிற்று என்று கேட்ட வாசகர் எத்தனை பேர்? மாட்டின் சலங்கையைக் கேட்ட காதுகளுக்கு, பெட்டிக்கு அடியிலிருந்த எஃகின் முனகல் எட்டவே இல்லை. இப்போது சொகுசு விடுதிகளின் வாசலில் அதே வண்டி, பட்டைகளும் சேர்த்து வார்னிஷ் பூசப்பட்டு நிற்கிறது. நாமும் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம்.

1912இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து விட்டார். அன்றுமுதல் இந்த மண்ணில் ஓடிய பேருந்தும் லாரியும் பெரும்பாலும் பட்டைகளின் மேல்தான் ஓடின. அறுவடைக் காலத்தில் கொள்முதல் நிலையங்களிலிருந்து நாற்பது கிலோ மூட்டைகளை அடுக்கிக்கொண்டு, வாய்க்கால் கரைப் பாதைகளில் சாய்ந்து சாய்ந்து வரும் லாரிகளும் அப்படித்தான். அவற்றின் பட்டை உடைவதால்தான் பட்டறைகளின் உலை இன்னும் அணையாதிருக்கிறது. புதிய வண்டிகளில் பட்டைகளின் எண்ணிக்கை குறைகிறது, பேருந்துகளுக்குக் காற்றுப் பைகள் வந்துவிட்டன. சூட்டின் நிறம் பார்த்துத் தோய்ச்சல் கொடுக்கும் கண் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நேரில் மட்டுமே போவது. கற்க ஆளில்லாத தலைமுறை ஒன்று வந்தால் போதும், அது போய்விடும்.

ஆகவே ராணுவ லாரியைப் புதுப்பிக்க நினைப்போரிடம் என் கோரிக்கை எளிது. சாயத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைக் கமான் வேலைக்காரருக்குக் கொடுங்கள். அவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். அவர் சொல்லும் சொற்களை அவர் சொன்னபடியே எழுதிவையுங்கள். வேலை முடிந்ததும் வண்டியில் சுமை ஏற்றி ஒருமுறையாவது ஓட்டுங்கள். இறக்கியபின் வில் பழைய வளைவுக்குத் திரும்பினால், அப்போது புதுப்பித்துவிட்டோம் என்று சொல்லுங்கள். நம்புகிறோம்.